பனி என்று சொன்னேன்

பத்து நாட்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் தொழிற்சாலை வாசலில் இருக்கும் வருகைப் பதிவு இயந்திரம் என் விரலை ஏற்கவில்லை. மூன்று முறை வைத்தேன். மூன்று முறையும் சிவப்பு விளக்கு எரிந்தது. காவலாளி எட்டிப் பார்த்து, "இன்னா மேடம், வர்ற வழியில ஜிலேபி துன்னீங்களா? கைய கழுவிக்கினு வாங்க" என்றார். பின்னால் வரிசையில் நின்ற ஷிப்ட் ஆட்கள் சிரித்தார்கள்.

விரல்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தேன். ஒட்டின. இயந்திரத்தின் மேல் சாய்ந்திருந்த தூஜா கிளையைக் கையால் ஒதுக்கிவிட்டு வந்திருந்தேன். கற்பூரமும் எலுமிச்சையும் கலந்தது போன்ற அந்த மரத்தின் வாசனையும் கையில் இருந்தது. திரும்பிப் போய்க் கிளையைப் புரட்டிப் பார்த்தேன். விசிறி போல் விரியும் இலைகளுக்கு அடியில், குச்சியின் நிறத்திலேயே, மேலே சாம்பல் தூவியது போல், செடிப்பேன் என்று சொல்லும் அசுவினிப் பூச்சிகள் அப்பியிருந்தன. அவை கழிக்கும் இனிப்பு நீர்தான் என் விரலில் இருந்தது. எறும்புகள் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தன.

உன்னை அழைக்கலாம் என்று போனை எடுத்துவிட்டேன். உன் பெயரை இன்னும் அழிக்கவில்லை. அதைத் தொடப்போன பிறகுதான், நீ போய் ஐந்து மாதம் ஆகிறது என்பது நினைவுக்கு வந்தது. உன்னிடம் சொல்லாமல் விட்டதும் கூடவே வந்தது.

நாம் கவரைப்பேட்டையில் பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். நான் சென்னைக்கு ரயிலேறித் தாவரவியல் படித்தேன். உன்னைப் பதினெட்டு வயதில் ஆரம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். இருபது வருஷம் கழித்து இந்தத் தொழிற்சாலையில்தான் மறுபடி பார்த்துக்கொண்டோம். நான் சுற்றுச்சூழல் அதிகாரி. நீ தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்து, எட்டுப் பெண்களை வேனில் அழைத்து வந்தவள். முதல் நாள் என் மேசைக்கு முன் நின்று "வணக்கம் மேடம்" என்றாய். கதவு மூடியதும், "இன்னாடி, இம்மாம் பெரிய கண்ணாடி போட்டுகினு கீற, கண்ணு அவிஞ்சி போச்சா?" என்றாய். அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. நாலு பேர் முன்னால் மேடம், மரத்தடியில் டி.

வாசலிலிருந்து அலுவலகக் கட்டிடம் வரை சாலையின் இரு பக்கமும் தூஜா மரங்கள். பார்க்கிறவர்கள் கிறிஸ்துமஸ் மரம் என்பார்கள். மலையில் வளரும் ஊசியிலை மரங்களுக்கு உறவான அதைக் கொண்டுவந்து இந்த வெயிலில் யாரோ நட்டு வைத்திருந்தார்கள். கேண்டீனிலிருந்தும் கழிப்பறைகளிலிருந்தும் வரும் தண்ணீர், சுத்திகரிப்புத் தொட்டிகளைக் கடந்து குழாய் வழியாக அந்த மரங்களுக்குப் போகும். அதில் ஒரு சொட்டுக்கூட வளாகத்துக்கு வெளியே போகக்கூடாது, எல்லாம் செடிக்குத்தான் என்பது விதி. அந்த விதியைக் காப்பது என் வேலை. இரண்டாவது ஷிப்ட் தொடங்கி ஆள் கூடியபோது தண்ணீரும் கூடியது. மரம் கூடவில்லை. இருந்த மரங்களே அத்தனையையும் குடித்தன.

நாலு வருஷத்துக்கு முன், கார்த்திகை முடியும்போது மரங்கள் பிசுபிசுக்க ஆரம்பித்தன. எந்த மருந்து அடிக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது நீ நேராகப் போய் வால்வுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாய்.

"இந்தத் தண்ணில யூரியா கீதா?"

"யூரியா இல்லடி. ஆனா அதுல இருக்கிற தழைச்சத்து இதுலயும் மிச்சம் வரும்."

"அதான் பாத்தேன். எங்க கழனில எந்த மூலைல யூரியா ஜாஸ்தி உழுதோ அந்த மூலைதான் கருகருன்னு பச்சையா நிக்கும். புகையான் பூச்சியும் மொதல்ல அங்கதான் எறங்கும். பக்கத்து மூலைல ஒண்ணும் இருக்காது."

அப்போதுதான் கல்லூரியில் படித்தது எனக்கு ஞாபகம் வந்தது. மரச்சாற்றில் சர்க்கரை நிறைய, தழைச்சத்து கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்காகவே அசுவினி ஓயாமல் சாறு குடிக்கிறது. மிஞ்சின சர்க்கரையை வெளியே விடுகிறது. சாற்றில் தழைச்சத்து கூடிவிட்டால் அது சீக்கிரம் பெரிதாகும், நிறையக் குட்டி போடும், அதுவும் ஆண் துணையே இல்லாமல். இதைச் சொன்னதும் நீ வாயைப் பொத்திக்கொண்டாய். "ஆம்பள இல்லாமயேவா? குட்த்து வெச்சதுங்கடி." சிரித்து ஓய்ந்த பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்தாய். "அப்போ நம்மதான் ஆக்கிப் போட்டுகினு கீறோம். மரம் துன்னுது. மரத்த அதுங்க துன்னுது. சோத்த கொறைச்சா கூட்டமும் கொறையும்."

நான் பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துபோனதை நீ உன் கழனியிலிருந்து எடுத்து வந்திருந்தாய். இதை நான் அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒரு பக்கம் மூடிப் பார்க்கலாம் என்று சொன்னதும் நீதான். கிழக்கு வரிசைக்கு எப்போதும் போல் தண்ணீர். மேற்கு வரிசைக்கு வால்வை மூடிவிட்டு, வாரம் ஒரு முறை கிணற்றுத் தண்ணீர் மரத்துக்கு இரண்டு குடம். யாரும் தெரியாமல் திறந்துவிடக்கூடாது என்று உன் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து அந்த வால்வில் கட்டினாய். இரண்டு சுற்று, ஒரு முடிச்சு, அதன் மேல் பூப்போல ஒரு சுருக்கு.

இது சரியாக வந்தால் உனக்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். உன் ஆட்களில் இரண்டு பேருக்கு மருந்தடித்துக் கையெல்லாம் தடிப்பு. மருந்தே இல்லாமல் பார்த்துக்கொள்ளும் ஆள் என்று பெயர் எடுத்துவிட்டால் அக்கம்பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் போய் நிமிர்ந்து பேசலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். பத்தாவதோடு நின்றவள் என்ற பேச்சு உன் புகுந்த வீட்டில் அடிக்கடி வரும்.

மார்கழி முழுக்க வெள்ளிக்கிழமை தோறும் மரத்துக்கு நாலு கிளையாக ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டி, விழுவதை எண்ணினோம். கிழக்குப் பக்கத்துத் தாள் நகர்ந்துகொண்டே இருக்கும், எண்ணி முடியாது. மேற்குப் பக்கத்தில் வாரத்துக்கு வாரம் குறைந்தது. நாலாவது வெள்ளிக்கிழமை இரண்டு மூன்றுதான் விழுந்தன. நீ தாளை உன் பெண்களிடம் தூக்கிக் காட்டினாய். "பாத்துக்கங்க. நானும் பரிச்ச எழுதி பாஸ் பண்ணிட்டேன்." அவர்களில் ஒருத்தியான தேசம்மா, "மார்க்கு ஷீட்டு எங்க டாக்டரம்மா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நீ அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தாய்.

தை பிறந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. ஆலைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு ஜன்னல் வழியாகக் காட்டினார். மேற்கு மரங்கள் நோயாளியாக இல்லை. கொஞ்சம் வெளுத்து, கொஞ்சம் மெலிந்து, எதிர்ப்பக்கத்தின் அடர்பச்சைக்கு முன்னால் ஏழையாகத் தெரிந்தன, அவ்வளவுதான். "ஒரு பக்கம் கல்யாண வீடு, ஒரு பக்கம் எழவு வீடு மாதிரி இருக்கும்மா. அவங்க வர்றதுக்குள்ள ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும்" என்றார். ஒரு வரிசையை மூடியதால் தொட்டியும் நிரம்பி வழியும் நிலையில் இருந்தது. அது என் தனிப்பட்ட பயம்.

உன்னிடம் சொன்னால் கூடாது என்பாய். அவரிடம் கூடாது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நடுவில் ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

ஞாயிறு உன் ஆட்கள் வரமாட்டார்கள். நான் மட்டும் வந்தேன். சேலைத் துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு வால்வைத் திறந்தேன். கவரைப்பேட்டை உரக்கடையில் வாங்கி வந்த யூரியாவை மரத்துக்கு இரண்டு கைப்பிடி வீதம் போட்டேன். மதியம் வரை தண்ணீர் ஓடியது. பிறகு மூடிவிட்டுத் துணியை மறுபடி கட்டினேன். இரண்டு சுற்று, ஒரு முடிச்சு, பூப்போல ஒரு சுருக்கு. நீ கட்டியது போலவே வரும்வரை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினேன். ஒரு ஞாயிறு போதும் என்று நினைத்துத்தான் செய்தேன். நாலு ஞாயிறு ஆயிற்று.

முதல் ஞாயிற்றுக்கு மறுநாள் நீ என்னை மரத்தடிக்குக் கூப்பிட்டாய். மேல்மண் காய்ந்திருந்தது. நீ விரலை உள்ளே விட்டு எடுத்துக் காட்டினாய்.

"இன்னாடி இது, மண்ணு ஈரமா கீது?"

"பனிடி."

"பனி இம்மாம் ஆழமா எறங்கும்?"

"தை மாசப் பனி. மரம் முழுக்கப் புடிச்சு அடியில சொட்டும்."

நீ விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "நீ படிச்சவ. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாய். அதில் கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்கு இத்தனை கனமாக இருந்திருக்காது.

மூன்றாவது வாரம் மேற்கு மரங்களின் நுனியெல்லாம் இளம்பச்சையாகத் தளதளவென்று துளிர்த்தது. "பனிக்கே இப்டியா?" என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டு போனாய். அடுத்த வெள்ளிக்கிழமை தாளில் தட்டியபோது மேற்குப் பக்கத்தில் எண்ண முடியவில்லை. அதற்கடுத்த வாரம் அது கிழக்கையும் மிஞ்சிவிட்டது. நீ தாளை உதறாமல் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாய். அவை தாளின் ஓரத்தைத் தாண்டி உன் மணிக்கட்டில் ஏறின.

"நா நெனச்சது தப்போ?"

"இன்னும் பாக்கலாம்டி" என்றேன். எனக்குத் தெரியும். நீ நினைத்தது எத்தனை சரி என்பதை உன்னைவிட அதிகமாக நான் பார்த்துவிட்டேன். ஊட்டிய மரத்தில் அவை எப்படிப் பெருகும் என்பதற்கு என் நாலு ஞாயிறுகளே சாட்சி. அந்தச் சாட்சியைத்தான் உனக்கு எதிராகத் திருப்பி வைத்திருந்தேன்.

வாடிக்கையாளர்கள் வந்த அன்று அவர்களுடைய வெள்ளைக் கார் மேற்கு வரிசையின் அடியில்தான் நின்றது. திரும்பும்போது அதன் கூரையெல்லாம் பிசுக்கு, அதன் மேல் எறும்பு. வந்தவர்களில் ஒருவர் கதவைத் தொட்டுவிட்டுக் கையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலை ஆலைத் தலைவர் உன்னையும் என்னையும் கூப்பிட்டார்.

"மரத்தைப் பட்டினி போட்டுத்தான் இந்தப் பூச்சி வந்திருக்கு. போடச் சொன்னது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ பேசினாய். "நான்தான் சார். மேடம் வேணான்னுதான் சொன்னாங்கோ. நான்தான் கேக்கல."

மேடம் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. நீ எனக்காகப் பொய் சொன்னாய். நான் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "தண்ணி ஊத்தறதுகூடத் தெரியாதவங்கள வச்சிக்கிட்டு நாங்க என்ன பண்றது?" என்றார் அவர். அந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிந்தது என்றும் சொன்னார். நடந்தது பற்றிய அறிக்கையை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். 'பராமரிப்பாளரின் தவறான ஆலோசனை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

உன் வேன் புறப்படும் முன் நீ இறங்கி என்னிடம் வந்தாய். முகம் சிறுத்துப்போயிருந்தது. "மன்னிச்சுக்கடி. என் பேச்சக் கேட்டு உன் பேரும் கெட்டுச்சு" என்றாய்.

"பரவாயில்லடி, உடு" என்றேன்.

நான் உன்னை மன்னித்தேன். இதை எழுதும்போதுகூட அந்த வார்த்தையின் மேல் கை நின்றுவிடுகிறது.

அதன் பிறகும் நாம் பேசிக்கொண்டுதான் இருந்தோம். உன் பெண்ணின் கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தேன். நீயும் உன் ஆட்களும் பக்கத்துத் தெருவில் வேறொரு தொழிற்சாலைக்குப் போனீர்கள். கைத்தெளிப்பான் வாங்கிவிட்டதாகச் சொன்னாய். ஒரு நாள் மாலை கவரைப்பேட்டை ஸ்டேஷனில் எதிர்பாராமல் பார்த்துக்கொண்டோம். உன் ரவிக்கைத் தோளில் மருந்து வாடை அடித்தது. "எல்லாரும் அடிக்கிறாங்கோ. நா மட்டும் இன்னா பெரிய இவளா?" என்றாய். ரயில் இருபது நிமிஷம் தாமதம் என்று அறிவித்தார்கள். நாம் இருவர் மட்டும் ஒரு பெஞ்சில் இருந்தோம். யாரும் குறுக்கே வரவில்லை. போனும் அடிக்கவில்லை. சொல்வதற்கு எல்லா வசதியும் இருந்தது. நான் உன் பேரனின் பெயரை விசாரித்தேன்.

போன புரட்டாசியில் ஒரு புதன்கிழமை உன் நாத்தனார் சரளா போன் செய்தாள். தலையில் இரத்தக்குழாய் வெடித்து, சென்னைக்குக் கொண்டுபோயும் இரண்டு நாள்தான் இருந்தாய் என்றாள். நான் வந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். உன் பெண்கள் எட்டுப் பேரும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள்.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். கையைக் கழுவாமலே மேற்கு வரிசை நெடுகிலும் நடந்தேன். ஒவ்வொரு மரமும் ஒட்டியது. நடுவில் வந்த வேறு ஒப்பந்தக்காரர்கள் மாதாமாதம் மருந்தடித்து அடக்கி வைத்திருந்தார்கள். கேண்டீனுக்குப் பக்கத்தில் மருந்து கூடாது என்று சமீபத்தில் நிறுத்தியதும் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. தண்ணீர் மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. ஆனால் எடைமேடைக்கு அப்பால், வரிசையின் கடைசியில் இருக்கும் மூன்று மரங்கள் ஒட்டவில்லை. கிளையைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றிரண்டு இருந்தன, கூட்டம் இல்லை. ஒரு பொறிவண்டு அவற்றைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. குழாய் எடைமேடைக்கு அடியில் எப்போதோ லாரி ஏறி உடைந்திருக்கிறது. ஒன்றரை வருஷமாக அந்த மூன்றுக்கும் மழைத் தண்ணீர் மட்டும்தான். கொஞ்சம் வெளுத்து, கொஞ்சம் மெலிந்து, அவை தம் பாட்டில் நின்றன.

உன் சோதனையை யாரும் கெடுக்காமல் விட்டிருந்தால் மேற்கு வரிசை முழுக்க இப்படித்தான் நின்றிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கத்துக்குப் போனேன். உன் ஆட்களை இப்போது சரளாதான் நடத்துகிறாள். "வா மேடம், நாஷ்டா துன்ட்டியா?" என்று பாய் விரித்தாள். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். வால்வு, யூரியா, துணி, பனி. அவள் முறத்தில் இருந்த உளுந்தைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எங்க அண்ணி அதுக்கப்பறம் எப்டி ஆச்சுன்னு தெரியுமா உனக்கு? அதுவரைக்கும் கழனில எவ்ளோ உரம், என்னிக்கு தண்ணி, எல்லாம் அதுதான் சொல்லும். அண்ணன் வாயத் தொறக்காது. அந்த வருஷத்துலருந்து அண்ணன் யூரியா மூட்டைய கொட்டும், அண்ணி பாத்துகினு நிக்கும். ஒரு பக்கம் புகையான் உழுந்து கருகிப்போச்சு. சொல்லக்கூடாதா அண்ணின்னேன். 'என் கண்ண நம்பாதடி, அது தப்பாப் பாக்குது'ன்னுச்சு."

அவள் முறத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்தாள்.

"என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போது? நா ஒருத்தி தெரிஞ்சிக்கினா போதுமா? எழுதிகினு வா. நம்ம பொண்ணுங்க எட்டு பேரும் உக்காந்துகினு கீறப்ப படி. நீயே படி."

புதன்கிழமை காலை டீ வேளையில் போனேன். அவர்கள் வேலை செய்யும் தொழிற்சாலையின் மதிலோரம், புங்கமரத்தடியில் எட்டுப் பேரும் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம்தான் எழுதியிருந்தேன். தண்ணீரைத் திறந்தது நான். உரம் போட்டது நான். மண் ஈரமாக இருக்கிறதே என்று அவள் கேட்டபோது பனி என்று பொய் சொன்னது நான். அவள் சொன்னது சரி. இவ்வளவுதான் அதில். படித்து முடிக்கையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தியிருந்தார்கள்.

தேசம்மாதான் முதலில் பேசினாள். "பட்டினி டாக்டர்னு பேரு வெச்சதே நான்தான். மூணு வருஷம் கூப்ட்டோம். 'டாக்டரம்மா, இந்தச் செடிக்கு எத்தினி நாள் பட்டினி?'ன்னு தெனம் கேப்பேன். அது சிரிச்சிக்கினே போவும்." டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏம்மா, இந்தப் பேப்பர அப்பவே படிச்சிருந்தா எங்க வாயாச்சும் சும்மா இருந்திருக்குமே."

"போவட்டும் உடு, மேடம்தான் வந்து சொல்றாங்களே" என்றாள் வயதில் மூத்த ஒருத்தி.

"இன்னா போவட்டும்?" என்றாள் சரளா. "நீ ஒரு வாட்டி போவட்டும்னா போய்டுமா?"

மணி அடித்தது. சரளா என் கையிலிருந்த தாளை வாங்கி மடித்துத் தன் சாப்பாட்டுப் பையில் வைத்தாள். பிறகு, "இங்கயும் அதே தண்ணிதான். இங்கயும் அதே பேனுதான். நா போயி மூடச் சொன்னா எவனும் கேக்கமாட்டான். நீ வந்து சொல்லு" என்று சொல்லி முன்னால் நடந்தாள். மன்னிக்கிற முகம் இல்லை அது. வேலை வாங்குகிற முகம். நான் பின்னால் போனேன்.

அந்தத் தொழிற்சாலையின் அதிகாரி என்னைவிட இளையவர். தண்ணீரைப் பற்றியும் மரச்சாறு பற்றியும் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டு, "நல்லா ஆராய்ஞ்சிருக்கீங்க மேடம்" என்றார். நான் நிறுத்தினேன். இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை என்று சொல்லி, உன் பெயரை முழுப்பெயராக, உன் வீட்டுக்காரரின் பெயரோடும் ஊரோடும் சொன்னேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற சரளா அப்போதுதான் என் பக்கம் ஒருமுறை திரும்பினாள்.

எங்கள் ஆலையில் இப்போது இருக்கும் தலைவர் புதியவர். பழைய அறிக்கை பொய் என்று எழுதிக் கொடுத்தேன். "இப்ப எதுக்கு மேடம் இதெல்லாம்?" என்று வாங்கிக் கோப்பில் சேர்த்தார். மேற்கு வரிசைத் தண்ணீரைப் பின்பக்கத்துப் புல்வெளிக்குத் திருப்ப அனுமதி தந்துவிட்டார். மரங்கள் வெளுக்கும். வெளுக்கட்டும்.

சொல்ல வேண்டியவர்களிடம் எல்லாம் சொல்லியாயிற்று. உன்னிடம் மட்டும் முடியவில்லை. நீ போகும்போது உன் கண் தப்பாகப் பார்க்கிறது என்று நம்பிக்கொண்டே போனாய். எட்டுப் பேர் கேட்க நான் படித்தது அதை மாற்றவில்லை.

வேனிலிருந்து இறங்கி வந்து நீ கேட்ட மன்னிப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அது என்னுடையது அல்ல என்று தெரிந்தே 'பரவாயில்லை' என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியவள் நீ ஒருத்திதான். நீ இல்லை. எனவே வைத்திருக்கிறேன்.